ஏன் இந்தக் குழப்படி?
அன்றாட வாழ்வில் நடத்தையை அவதானிக்கப் பழகுவோம்

மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால் கமக்காரர் செடியை ஏசுவதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கிறார். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பனிப்பூச்சி என்றும், கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிற்றுண்ணி என்றும் ஐயப்படுகிறார். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே இலைச்சுருள்தான். ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு. காரணத்தைப் பாராமல் மருந்து தெளித்தால் காசும் போகும், பயிரும் போகும்.

தோட்டத்தில் இவ்வளவு பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த நாம், வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாகி விடுகிறோம். பிள்ளை கொப்பியை எறிந்தால் 'படிப்புக் கள்ளன்' என்கிறோம். ஆச்சி சாப்பிட மறுத்தால் 'வீண் பிடிவாதம்' என்கிறோம். சிலவேளை கண்ணூறு என்றும் சொல்லி விடுகிறோம். காரணத்தைத் தேடும் முன்னரே பெயர் வைத்தாகி விடுகிறது. பெயர் வைத்த பின் ஒருவரும் தேடுவதில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் இன்னும் முக்கியமானது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து தாயின் கைபிடித்து நடந்த பிள்ளைகளும், 2009 இல் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்த பிள்ளைகளும் இன்று தாங்களே பெற்றோராக இருக்கிறார்கள். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பங்களும் உண்டு. பல தடவை வீடு மாறிய குடும்பத்தில் ஒருவருடைய நடத்தைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். தவறான காரணத்தை நம்பித் தண்டித்தால், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே விலகி விடக்கூடும். ஆகவே இந்த இதழில், அன்றாட வாழ்வில் நடத்தையை எப்படி அவதானிப்பது என்பதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. கண்டதும் நினைத்ததும்

முதலில், கண்ணால் கண்டதை வேறாகவும் மனத்தால் நினைத்ததை வேறாகவும் வைக்கப் பழக வேண்டும்.

'அவன் திமிர் பிடித்தவன்' என்பது நாம் நினைத்தது. 'கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன், அப்போதும் பார்க்கவில்லை. தோளில் தொட்டதும் வந்தான்' என்பது கண்டது. இப்படிச் சொல்லிப் பார்த்தால் புதிய கேள்வி ஒன்று பிறக்கிறது: இவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா? 'திமிர்' என்ற சொல்லுக்குள் இருந்தவரை இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

கண்டதை மட்டும் எழுதும் இம்முறைக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் றோஜர் பாக்கர், ஹேர்பேட் றைற் என்ற இரு உளவியலாளர்கள், 1949 ஏப்ரல் 26 ஆம் திகதி, சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை ஒரு நாள் முழுவதும் அவதானிக்க ஏற்பாடு செய்தார்கள். அவன் காலையில் எழும்பியது முதல் இரவு படுக்கைக்குப் போகும் வரை, எட்டுப் பேர் முறைமாறி நின்று, அவன் செய்ததையும் அவனைச் சுற்றி நடந்ததையும் எழுதினார்கள். அது 1951 இல் நூலாகவே வெளிவந்தது. அவர்கள் அவனை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. வீடு, வீதி, வகுப்பறை, விளையாட்டு என்று அவன் போன இடமெல்லாம் தாங்கள் போனார்கள். மனிதருடைய நடத்தையை அது நடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை.

எம்மால் நாள் முழுவதும் பார்த்திருக்க முடியாது, அது தேவையும் இல்லை. குழப்படி நடக்கும் அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தாலே போதும்.

2. முன் – செயல் – பின்

1968 இல் சிட்னி பிஜு என்பவரும் அவருடன் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்றில், இயல்பான சூழலில் நடத்தையைப் பதிவதற்கு இலகுவான முறை ஒன்றைக் காட்டினார்கள். தாளில் மூன்று நிரல்கள் போட வேண்டும்.

முன்: செயலுக்குச் சற்று முன்னர் என்ன நடந்தது? எங்கே, எத்தனை மணிக்கு, யார் நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள்?

செயல்: அவர் சரியாக என்ன செய்தார்? எவ்வளவு நேரம்?

பின்: செயல் முடிந்தவுடன் என்ன நடந்தது? மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அவருக்கு என்ன கிடைத்தது, அல்லது எதிலிருந்து விடுபட்டார்?

இவற்றில் நாம் அதிகம் கவனியாமல் விடுவது 'பின்' என்பதையே. ஏனென்றால் அதில் பெரும்பாலும் நாமே நிற்கிறோம். எமது ஏச்சு, எமது அடி, நாம் வாங்கிக் கொடுத்த இனிப்பு எல்லாம் அந்த நிரலிலேயே வரும். ஆகவே பிள்ளையை அவதானிப்பவர் தன்னையும் சேர்த்து அவதானிக்கிறார்.

3. நான்கு பொதுக் காரணங்கள்

திரும்பத் திரும்ப நடக்கும் செயலுக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும்.

(அ) கவனம் பெறுதல். குழப்படி செய்தால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பார் என்றால் பிள்ளை குழப்படி செய்யும். ஏச்சும் ஒரு கவனிப்புத்தான்.

(ஆ) தப்பித்தல். கடினமான வேலை, பயம் தரும் இடம், வெட்கப்பட வைக்கும் ஆள் என்று ஏதாவது ஒன்றிலிருந்து விடுபடுதல்.

(இ) ஒரு பொருளையோ விருப்பமான செயலையோ பெறுதல். அழுதால் பிஸ்கற் கிடைக்கும், உருண்டு புரண்டால் தொலைபேசி கைக்கு வரும்.

(ஈ) உடலுக்குள் இருக்கும் காரணம். காதுவலி, பற்சூத்தை, பசி, நித்திரையின்மை. அல்லது அந்த அசைவே தரும் ஆறுதல். இதற்கு மற்றவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. 1982 இல் பிறையன் இவாற்றாவும் அவருடைய குழுவினரும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரைப் பல நிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நிலையில் வேலை கொடுத்தார்கள்; ஒன்றில் காயப்படுத்தும்போது மட்டும் கவனித்தார்கள்; ஒன்றில் தனியே விட்டார்கள்; ஒன்றில் விளையாட விட்டார்கள். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு, குறிப்பிட்ட ஒரு நிலையிலேயே அந்த நடத்தை கூடி நின்றது. அந்த நிலை ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. வெளியில் ஒரே மாதிரித் தெரிந்த செயலுக்குக் காரணம் ஒன்றல்ல. மிளகாய் இலையின் கதையும் இதுதான்.

4. ஓர் உதாரணம்

எட்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பின்னேரம் படிக்க இருத்தினால் தங்கச்சியை நுள்ளுகிறான். 'தங்கச்சியில் பொறாமை' என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். தாய் ஐந்து நாட்கள் குறித்து வைத்தார் என்று கொள்வோம்.

திங்கள். முன்: மாலை 6.30. "தம்பி, தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசி" என்றார் அம்மா. செயல்: இரண்டு வரி வாசித்தான், பக்கத்தில் இருந்த தங்கச்சியை நுள்ளினான். பின்: அம்மா ஏசினார். "எழும்பி வெளியிலை போ" என்றார். போனான்.

செவ்வாய். முன்: அதே நேரம், அதே இடம், கணக்குக் கொப்பி. செயல்: இருபது நிமிடம் இருந்து எட்டுக் கணக்குச் செய்தான். நுள்ளவில்லை. பின்: அம்மா பார்த்து "சரி, நல்லது" என்றார்.

புதன். முன்: வாசிப்பு. செயல்: மூன்றாம் வரியில் நுள்ளினான். பின்: அப்பா தடியால் இரண்டு அடி போட்டு வெளியே அனுப்பினார்.

வியாழன். முன்: படிப்பில்லை. அம்மம்மா கதை சொன்னார், தங்கச்சி அவன் பக்கத்திலேயே இருந்தாள். செயல்: நுள்ளவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான். பின்: கதை முடிந்து சாப்பிடப் போனார்கள்.

வெள்ளி. முன்: வாசிப்பு. தங்கச்சி பெரியம்மா வீட்டில். செயல்: புத்தகத்தின் தாளைக் கிழித்தான். பின்: அம்மா புத்தகத்தைப் பறித்து மேலே வைத்தார்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். தங்கச்சி பக்கத்தில் இருந்தும் வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. அவள் இல்லாமலும் வெள்ளி குழப்படி நடந்தது. ஆகவே பொறாமை என்ற முடிவு நிற்காது. குழப்படி நடந்த மூன்று நாளும் 'முன்' நிரலில் வாசிப்பு இருக்கிறது. அந்த மூன்று நாளும் 'பின்' நிரலில் வாசிப்பு நின்று போகிறது. இரண்டு அடிக்கு வாசிப்பிலிருந்து விடுதலை கிடைக்கிறதென்றால், அவனுக்கு அது நட்டமில்லாத வியாபாரம். தண்டனை என்று நாம் கொடுத்தது அவனுக்குக் கூலியாக முடிந்திருக்கிறது.

அடுத்த கேள்வி: வாசிப்பு ஏன் இவ்வளவு கடினம்? அதே பாடத்தை அம்மம்மா உரத்து வாசித்துக் கேள்வி கேட்கட்டும். சரியாகப் பதில் சொன்னால் அவனுக்குப் பாடம் விளங்குகிறது, எழுத்தில்தான் தடங்கல். கண்பார்வை குறைவா? கணக்குக் கொப்பியில் அவன் பெரிதாக எழுதுகிறான், புத்தகத்தில் எழுத்து சிறிது. விளக்கைக் கிட்ட வைத்துப் பாருங்கள். கண்ணைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். பாடசாலை மாறியபோது எழுத்துப் படிக்க வேண்டிய மாதங்கள் தவறிப் போயினவா? வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

5. ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

அவதானம் எமக்குத் தருவது ஓர் ஊகத்தை. அது சரியா என்பதை மாற்றிப் பார்த்தே அறியலாம். புதிய பசளையை நாம் முழுத் தோட்டத்துக்கும் போடுவதில்லை. ஒரு வரிசைக்குப் போட்டு, அடுத்த வரிசையோடு ஒப்பிடுகிறோம். வீட்டிலும் அப்படியே. ஒரே நாளில் விளக்கை மாற்றி, நேரத்தை மாற்றி, இனிப்பும் கொடுத்தால் எது பயன் தந்தது என்று தெரியாது.

மேலே சொன்ன பையனுக்கு முதல் மாற்றம் இதுவாக இருக்கலாம்: அவன் இரண்டு வரி, அம்மா இரண்டு வரி, மொத்தம் பத்து வரியோடு முடிப்பது. அது பலன் தந்தால் அடுத்ததாக, நுள்ளுவதற்குப் பதிலாக வாயால் கேட்கப் பழக்குவது: "அம்மா, விளங்கேல்லை, சொல்லித் தாங்கோ." அல்லது, "கொஞ்சம் ஆறிட்டு வாறன்." அவன் அப்படிக் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும். 1985 இல் எட்வேர்ட் காரும் மார்க் டியூறண்டும் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளிடம் இதையே செய்து காட்டினார்கள். வேலை கடினமானபோது உதவி கேட்கவும், கவனம் தேவையானபோது அதைக் கேட்கவும் சொற்களைக் கற்றுக் கொடுத்தபோது குழப்படி குறைந்தது. கற்றுக் கொடுத்த சொல் காரணத்தோடு பொருந்தியபோதே இந்தப் பலன் கிடைத்தது.

நுள்ளினால் வாசிப்பு நிற்கக் கூடாது. தங்கச்சியை ஆற்றிவிட்டு, இன்னும் ஒரு வரி வாசிக்கச் செய்து, பிறகு புத்தகத்தை மூடுங்கள். ஒரு விடயத்தை நினைவில் வைத்திருங்கள். இதுவரை பலன் தந்த குழப்படி திடீரெனப் பலன் தராமல் போனால், முதல் சில நாட்கள் அது கூடலாம். தண்ணீர் வராத குழாயை நாம் இன்னும் இறுக்கித் திருகுவது போல. அந்த நாட்களில் மனந்தளர்ந்து விட்டுக் கொடுத்தால், 'இன்னும் பலமாகச் செய்தால் கிடைக்கும்' என்பதையே பிள்ளை படிக்கும்.

6. பெரியவர்களும் அப்படியே

இம்முறை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகக் கொட்டிலில் இருக்கும் ஆச்சி ஒருவர் பின்னேரத் தேத்தண்ணியை வேண்டாம் என்கிறார், இராச் சாப்பாட்டையும் தள்ளி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மருமகளோடு கோபம்' என்று அயல் பேசுகிறது. ஆனால் குறித்துப் பார்த்தால், காலையில் அதே மருமகள் கொடுப்பதை நன்றாகச் சாப்பிடுகிறார். மறுப்பதெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர்தான். மலசலகூடம் தூரத்தில், பாதையில் வெளிச்சம் இல்லை. இரவில் எழும்ப வேண்டி வரும் என்ற பயத்திலேயே அவர் குடிப்பதையும் உண்பதையும் குறைக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

முகாம்களில் வாழ்ந்த பெண்களுக்கு இது புதிய கதையல்ல. தண்ணீர் குறைந்தால் தலைச்சுற்றும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். இங்கே தேவைப்படுவது அறிவுரை அல்ல. ஒரு ரோச் லைற், துணைக்கு ஒரு பேத்தி, அல்லது இரவுக்கு மூடியுள்ள ஒரு வாளி.

7. முதலில் நிறுத்த வேண்டியவை

சில செயல்களை அவதானித்துக்கொண்டிருக்க முடியாது. பிள்ளை கிணற்றுக் கட்டில் ஏறினால், நெருப்போடு விளையாடினால், மிதிவெடி அபாயப் பலகை உள்ள காணிக்குள் போனால், முதலில் தடுக்க வேண்டும். காரணம் தேடுவது அதற்குப் பிறகு. ஆனால் அங்கேயும் காரணத்தைத் தேடாமல் விட்டால், நாம் பாராத நேரத்தில் அது மீண்டும் நடக்கும். பழைய இரும்பு பொறுக்கி விற்றால் காசு கிடைக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு அது குறுக்கு வழியா? காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிறானா? காரணம் இரும்பு என்றால் அவனுக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. அதை வாங்குபவரோடும் ஊர் பேச வேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

8. தாளில் அகப்படாத காரணங்கள்

'முன்' என்பது சிலவேளை ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததல்ல. பல வருடத்துக்கு முன் நடந்தது. திருவிழா வெடிச்சத்தத்துக்கு ஒருவர் நிலத்தில் விழுந்து படுத்தால், அந்தச் சத்தம் வெறும் தொடக்கம்தான். இரவில் அலறி எழும்புதல், காரணமின்றி நடுங்குதல், ஆட்களை விட்டு ஒதுங்குதல் என்பன வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைக் குழப்படி என்று எண்ண வேண்டாம். எப்போது, எத்தனை தடவை என்று குறித்த தாளை எடுத்துக்கொண்டு, பொதுவைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் ஒளிந்தால், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போக மட்டும் அழுதால், 'மரியாதை தெரியாது' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தனியே இருத்தி அமைதியாகக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929.

9. அவதானிப்பவருக்குச் சில விதிகள்

ஒரு நேரத்தில் ஒரு நடத்தையை மட்டும் எடுங்கள். ஒரு வாரமாவது குறியுங்கள். ஒரு நாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

குழப்படி நடக்காத நேரத்தையும் குறியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் செவ்வாயும் வியாழனும் இல்லாவிட்டால் உண்மை தெரிந்திருக்காது.

எழுத நேரம் இல்லாதவர்கள் கலண்டரில் காலை, மதியம், மாலை, இரவு என்று பிரித்துப் புள்ளடி இடலாம். எழுதத் தெரியாதவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையைப் போத்தலில் போடலாம். காலைக்கு ஒரு போத்தல், மாலைக்கு ஒரு போத்தல்.

பிள்ளையின் முன்னால் கொப்பியும் பென்சிலுமாக நிற்க வேண்டாம். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் எவரும் வேறு மாதிரி நடப்பார்கள்.

குறித்தது குடும்பத்துக்குள் இருக்கட்டும். அயல் வீட்டாரை அவதானித்து ஊருக்குச் சொல்வது அவதானிப்பு அல்ல, கோள் சொல்லுதல்.

10. குழுவாகக் கலந்துரையாட

1. 'சோம்பேறி', 'பிடிவாதக்காரி', 'சொல்வழி கேளாதவன்' என்று உங்கள் வீட்டில் யாரைச் சொல்கிறீர்கள்? அந்தச் சொல்லைப் பாவிக்காமல், அவர் செய்ததை மட்டும் மூன்று வசனங்களில் சொல்லுங்கள்.

2. சென்ற கிழமை உங்கள் பிள்ளையைத் தண்டித்த ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள். தண்டனைக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது, எது நின்று போனது?

3. உங்கள் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்குப் பின்னர் பெண்களும் முதியோரும் எதையெல்லாம் தவிர்க்கிறார்கள்? ஏன்? உங்கள் சங்கம் அதில் எதை மாற்றலாம்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒரு கிழமை குறித்த தாளோடு வாருங்கள். பெயர்கள் வேண்டாம். முன், செயல், பின் என்ற மூன்று நிரல்கள் போதும். பிள்ளையின் கையிலிருந்து தடியால் விழுத்திய ஒரு குழப்படி, காரணம் அப்படியே இருந்தால் வேறு உருவத்தில் திரும்பி வரும். காரணம் பிடிபட்டால், பல வீடுகளில் தடிக்கு வேலையே இருக்காது.